வில்லில் விழுந்த வெயில்

தலை முதல் கால் வரை இலையும் மரப்பட்டையும் அச்சிட்ட உடை. முகத்தில் கரி. கையுறைகூடச் சருகு நிறம். இப்படி மரத்தோடு மரமாக உட்கார்ந்திருக்கும் அமெரிக்க வில்வேட்டைக்காரரின் கையில் சில நேரம் இருப்பது, கல்யாணக் கட்டில் மாதிரி வார்னிஷ் மினுக்கும் ஒரு வில்.

வார்னிஷ் அடிப்பதிலும் ஒரு நியாயம் உண்டு. வில்லின் பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பட்டைகளைக் கை என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கைகள் பெரும்பாலும் மெல்லிய மரத்தகடுகளையும் ஃபைபர் கிளாஸையும் ஒட்டிச் செய்தவை. உள்ளே ஈரம் போகக் கூடாது. பளபளப்பு வார்னிஷ் ஈரத்தைத் தடுக்கும், மரத்தின் ரேகையையும் ஆழமாகக் காட்டும். கடை விளக்கில் அதைப் பார்த்தால் வாங்காமல் வர மனசு வராது. மங்கலான பூச்சு போட்டால் அதே மரம் லேசாகச் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும்.

துப்பாக்கிக்காரர் நூறு மீட்டர் தள்ளி நின்றே வேலையை முடித்துவிடுவார். வில்லுக்கு அது நடக்காது. வெள்ளைவால் மான் இருபது, முப்பது மீட்டருக்குள் வந்தாக வேண்டும். வந்தபின் அதன் கண்ணெதிரே நாணைத் தாடை வரை இழுக்கவும் வேண்டும். விஸ்கான்சின் மாநிலத்தில் வில்லுக்கென்று தனி மான் வேட்டைப் பருவம் திறந்தது 1934இல். அன்றிலிருந்து இன்றுவரை சிக்கல் ஒன்றுதான்: அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு பெரிய அசைவை எப்படி மறைப்பது?

மறைப்பதென்றால் யாரிடமிருந்து என்று முதலில் தெரிய வேண்டும். ஜார்ஜியா பல்கலைக்கழகத்து மான்களை மயக்கத்தில் வைத்து, விழித்திரையில் ஒளிக்கு எழும் மின்துடிப்பை அளந்த ஆய்வு 1994இல் வெளியானது. ஜெரால்ட் ஜேக்கப்ஸ் குழுவினர் செய்தது. நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் நமக்கு மூன்று வகை, மானுக்கு இரண்டே வகை. ஒன்று 450 முதல் 460 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள நீலத்தை நன்றாகப் பிடிக்கிறது. மற்றது 537 நானோமீட்டர் பச்சையை. சிவப்புப் பக்கத்துக்கென்று தனிச் செல் கிடையாது. துப்பாக்கிப் பருவத்தில் பல மாநிலங்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு உடையைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. மனிதர் மனிதரைச் சுட்டுவிடாமல் இருக்கத்தான். மானுக்கு அந்த ஆரஞ்சு மங்கலான ஏதோ ஒரு நிறம், அவ்வளவே.

நுணுக்கம் பார்ப்பதிலும் மானின் கண் நம்முடையதைவிடச் சுமார்தான். சட்டையில் அச்சிட்ட ஓக் இலையின் நரம்பை அது எண்ணப் போவதில்லை. ஆனால் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றுவட்டம் முழுக்கத் தெரியும். அந்த வட்டத்துக்குள் ஏதாவது அசைந்தாலோ, திடீரென்று வெளிச்சம் மாறினாலோ போச்சு. ஒரு மினுக்கத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

கொஞ்சம் கணக்குப் போடலாம். வெயில் படும் பச்சை இலை, தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத் திருப்பி விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வார்னிஷ் பரப்பின்மேல் ஒளி நேராக விழுந்தால் அது திருப்புவது 4 சதவீதம்தான். அப்படியானால் இலைதானே அதிகம் மினுங்க வேண்டும்? இல்லை. இலை தன் பங்கைக் கண்டபடி எல்லாத் திசைக்கும் இறைத்துவிடுகிறது. வழவழப்பான தட்டை வார்னிஷ் தன்னுடைய 4 சதவீதத்தைச் சிதறவிடாமல், வானத்தில் சூரியன் தெரியும் அகலமான அரை டிகிரிக்குள் அப்படியே கட்டி அனுப்புகிறது. அந்தக் கற்றையின் வழியில் ஒரு கண் இருந்தால், வில்லின் அந்த இடம் பக்கத்து இலையைப்போல் ஏறக்குறைய 18,000 மடங்கு பிரகாசமாகத் தெரியும். ஒளி சாய்வாக விழ விழ இது இன்னும் மோசமாகும். பரப்பை உரசிக்கொண்டு போவதுபோல் 80 டிகிரி சாய்வில் விழுந்தால் 4 சதவீதம் என்பது 40க்குப் பக்கத்தில் போய்விடும்.

வழியில் கண் இருந்தால்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். வில் சும்மா இருந்தால் அது சரிதான். அரை டிகிரிக் கற்றை எங்கோ ஒரு புதரில் போய் விழுந்து கிடக்கும். ஆனால் நாணை இழுக்கும்போது வில்லின் கை வளைகிறது. கண்ணாடியை ஒரு டிகிரி திருப்பினால் பிம்பம் இரண்டு டிகிரி நகரும். வகுப்பில் வாட்ச் கண்ணாடியால் வாத்தியார் முதுகில் வெயில் அடித்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வில்லின் நுனி 30 டிகிரி திரும்பினால் கற்றை 60 டிகிரிக்குக் காட்டைப் பெருக்கிக்கொண்டு போகும். புதர், மரம், மானின் கண் எல்லாம் வரிசையாக அந்தப் பெருக்கலில் வரும். அசையாமல் இருந்தே தீர வேண்டிய அந்த நொடியில்தான் வில் தன் இருப்பைச் சொல்லிக் காட்டிக்கொடுக்கிறது.

அம்பின் தண்டு உருளை என்பதால் அதன் கதை வேறு. உருளை ஒளியை ஒரு தளத்தில் விசிறிபோல் விரித்துவிடுவதால் மினுக்கம் மெல்லிய கோடாகச் சுருங்கும், பலம் குறையும். ஆனால் நிறைய இடத்திலிருந்து தெரியும். அலுமினியத் தண்டுகளை வைத்திருப்பவர்கள் இதை அறிவார்கள்.

சரி, மினுக்கத்தை எப்படிக் கொல்வது? பதில் என் வீட்டுச் சமையலறை அலமாரியில் இருக்கிறது. இரண்டு எவர்சில்வர் தட்டு. ஒன்று போன வருஷம் வாங்கியது, முகம் பார்க்கலாம். மற்றது இருபது வருஷமாகக் கம்பி நாரால் தேய்பட்டது. அதில் ஜன்னல் வெளிச்சம் ஒரு வெள்ளைப் படலமாகத்தான் தெரியும். உலோகம் அதேதான், விழும் ஒளியும் அதேதான், திருப்பி அனுப்பும் ஒளியின் அளவும் பெரிதாகக் குறையவில்லை. கீறல்கள் அதை நாலா பக்கமும் பிரித்து அனுப்பிவிட்டன.

எவ்வளவு சொரசொரப்பு போதும்? நேராக விழும் ஒளிக்கு, பரப்பிலுள்ள மேடுபள்ளம் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டினால் கண்ணாடிக் குணம் குலையத் தொடங்கும். பச்சை ஒளிக்கு அது ஏறக்குறைய 70 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதனால்தான் வில்காரர்கள் ரம்பம், அரம் எதையும் தேடிப் போவதில்லை. இருப்பதிலேயே மெல்லிய கம்பி நாரை எடுத்து வார்னிஷின் மேல் இரண்டு நிமிடம் இதமாகத் தேய்க்கிறார்கள். மரத்துக்கு ஒன்றும் ஆகாது. மினுக்கம் போய்விடும்.

தேய்க்க மனசில்லாதவர்கள் மேட் எனப்படும் மினுக்கமில்லாத பூச்சு வாங்குகிறார்கள். அதுவும் இதே வித்தைதான், தலைகீழாக. பூச்சுக்குள் சில மைக்ரோமீட்டர் அளவுள்ள சிலிக்கா துகள்களைக் கலந்திருப்பார்கள். ஈரமாக இருக்கும்போது அதுவும் பளபளக்கும். கரைப்பான் ஆவியாகிப் படலம் சுருங்கச் சுருங்க, குளம் வற்றும்போது பாறைகள் தலைகாட்டுவதுபோல் துகள்கள் பரப்பை மேலே தள்ளும். பத்து நிமிடத்தில் கண்ணெதிரே பளபளப்பு செத்துப்போவதைப் பார்க்கலாம். டப்பாவை அடிவரை கலக்காமல் மேலாக எடுத்து அடித்தால் என்ன ஆகும்? சிலிக்கா எல்லாம் அடியில் தங்கிவிட்டிருக்கும். காசு கொடுத்து மேட் வாங்கி, வில்லுக்குப் பளபளப்பு அடித்த கதையாகிவிடும். பிடியைச் சுற்றிக் கைபட்டுக் கைபட்டு மேடுகள் தேய்ந்து, மறுபடி மினுக்கம் வருவதும் உண்டு.

இந்த வித்தைக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தண்ணீர். அந்தப் பழைய தட்டை நனைத்துப் பாருங்கள், இருபது வருஷம் இளமையாகிவிடும். தண்ணீர் பள்ளங்களை நிரப்பித் தன் வழவழப்பான பரப்பை மேலே விரித்துக்கொள்கிறது. மழை ராத்திரியில் கருப்புத் தார்ரோட்டில் வண்டி விளக்கு நீளமாக இழுபடுவதும் இதனால்தான். வேட்டைக்காரர் உட்காரும் நேரமோ விடியற்காலை, பனி இறங்கும் நேரம். காய்ந்த வில்லில் வேலை செய்த மேட் பூச்சு பனித்துளி படலமாகப் படிந்ததும் பாதி வேலையை விட்டுவிடுகிறது. வில்லின் கைகளுக்குத் துணி உறை மாட்டுகிறவர்களை நான் புத்திசாலிகள் என்பேன். துணியின் நூல்களுக்கும் மயிர்களுக்கும் நடுவே உள்ள பள்ளங்களை ஒரு பனிப்படலம் அவ்வளவு சீக்கிரம் நிரப்பிவிடாது.

உறையைத் துவைப்பதில் மட்டும் கவனம் தேவை. சலவைத்தூள்கள் பலவற்றில் வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ரசாயனம் ஒன்று உண்டு. புற ஊதாக் கதிரை விழுங்கி, 440 நானோமீட்டருக்குப் பக்கத்தில் நீலமாக உமிழும். பாட்டி காலத்துச் சொட்டு நீலத்தின் நவீன வாரிசு. மானின் நீலக் கூம்பு எந்த அலைநீளத்தில் கூர்மை என்று மேலே பார்த்தோமே, கிட்டத்தட்ட அங்கேயே போய் விழுகிறது. சருகு நிறத் துணி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். மானுக்கு அது லேசாக நீலம் பூத்துத் தெரியலாம்.

மினுக்கம் ஒழிந்தபிறகுதான் கோலத்துக்கே இடம். வில் என்பது காட்டில் கிடைக்காத வடிவம்: ஒரே சீரான நீண்ட விளிம்பு. அதை உடைக்க வேண்டும். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் உயிரியலாளர் இன்னிஸ் கத்தில் குழுவினர் 2005இல் வெளியிட்ட சோதனை எனக்குப் பிடித்த ஒன்று. முக்கோணக் காகிதத்தில் அந்துப்பூச்சி செய்து, கீழே ஒரு புழுவை வைத்து, ஓக் மரங்களில் குத்தினார்கள். நிறம் எல்லாவற்றுக்கும் மரப்பட்டை நிறம்தான். கரும்புள்ளிகள் இறக்கையின் ஓரத்தை வெட்டிக்கொண்டு போன பூச்சிகள், புள்ளிகள் நடுவிலேயே நின்ற பூச்சிகளைவிடப் பறவைகளிடம் அதிக நேரம் தப்பின. வில்லுக்கும் அதே கணக்கு. இலைப் படம் எவ்வளவு தத்ரூபம் என்பது வாங்குகிறவரின் திருப்திக்கு. கருப்பும் வெளிறிய நிறமும் விளிம்பில் எங்கே மோதுகின்றன என்பதே வேலை செய்யும். ஒரு பெரணி இலையை வில்லின் மேல் பிடித்து, அதைச் சுற்றி மேட் பெயின்டைத் தள்ளி நின்று தெளிப்பது மலிவான வழி. தள்ளி நின்றால் துளிகள் காற்றிலேயே பாதி காய்ந்து விழுவதால் சொரசொரப்பும் சேர்ந்து கிடைக்கும்.

நுனிகளில் சக்கரம் வைத்த நவீன வில்லான காம்பவுண்ட் வில்லின் அலுமினிய நடுப்பகுதிக்கு இலைப் படம் ஏற்றும் முறை பார்க்கவே அழகு. தண்ணீரில் கரையும் பிளாஸ்டிக் படலத்தில் படத்தை அச்சிட்டு, தொட்டியில் மிதக்க விடுகிறார்கள். படலம் கரைந்து மை மட்டும் பாலாடைபோல் மேலே நிற்கும். அதற்குள் உலோகத்தை மெதுவாக இறக்கினால், தண்ணீரின் அழுத்தத்தில் மை ஒவ்வொரு வளைவிலும் போய் ஒட்டிக்கொள்ளும். கடைசியாக மேலே ஒரு பாதுகாப்புப் பூச்சு. அது பளபளப்பாக அமைந்தால் கீழே இருக்கும் இலைப் படம் வெறும் அலங்காரம்.

மரவில் செய்கிறவர்கள் சிலர் வில்லின் முன்பக்கம், அதாவது மான் பார்க்கும் பக்கத்தில், வாலை ஆட்டி ஒலியெழுப்பும் ரேட்டில் பாம்பின் தோலை ஒட்டுவார்கள். வைரவைரமாக ஓடும் அந்தக் கோலம் விளிம்பை உடைப்பதில் எந்த அச்சுப் படத்துக்கும் சளைத்ததல்ல. பாம்பின் முதுகுச் செதில்கள் பெரும்பாலானவற்றின் நடுவில் ஒரு மெல்லிய மேடு உண்டு. மினுக்கத்தைச் சிதறடிக்க இயற்கையே கொடுத்த சொரசொரப்பு. தோல் காய்ந்ததும் அந்தச் செதில்களை ஒட்டுநாடா வைத்து ஒவ்வொன்றாக உரித்துவிடுவார்கள், பின்னால் உதிரும் என்பதால். கோலம் மட்டும் மிஞ்சும். அப்புறம் அதன்மேல் நாலு பூச்சு வார்னிஷ், கண்ணாடி மாதிரி.