சோதனைக் காலத்தில் ஆவடிக்கு உறைபனியை வரவழைக்காதீர்கள்

"கடைசி உறைபனி விலகி இரண்டு வாரம் கழித்துத் தக்காளி நாற்றுகளைத் தொட்டிக்கு மாற்றவும்."

ஓர் இணையதளத்தின் மாடித்தோட்டப் பிரிவுக்கு எழுத்தாளர் தேடியபோது வந்த கட்டுரை ஒன்றில் இருந்த வரி இது. எழுதியவர் இருப்பது ஆவடியில். அடுத்த பத்தியில் மண்ணின் வெப்பநிலை 60 டிகிரி இருக்க வேண்டும் என்கிறார். பாரன்ஹீட் என்ற சொல் மொழிபெயர்ப்பில் எங்கோ உதிர்ந்துவிட்டது. செல்சியஸ் கணக்கில் 60 டிகிரி மண்ணில் தக்காளி வளராது, வெந்துபோகும்.

ஒருவர் மட்டும் இப்படி எழுதியிருந்தால் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். இதே சுற்றில் தனிநபர் நிதிப் பிரிவுக்குப் போட்டியிட்டவர் ஏப்ரல் 15க்குள் வருமானவரிக் கணக்கைத் தாக்கல் செய்யச் சொல்கிறார். அது அமெரிக்கர்களுக்கான கெடு. நம் ஊர்ச் சம்பளக்காரர்களுக்கு வழக்கமாக ஜூலை 31. குழந்தை வளர்ப்புப் பிரிவுக்கு வந்தவர் முதல் திட உணவாக வெண்ணெய்ப்பழத்தையும் ஓட்ஸையும் பரிந்துரைத்தார். கேழ்வரகுக் கூழ் என்று ஒரு சொல் கிடையாது. மூவருமே படித்தவர்கள், நன்றாகத் தமிழ் எழுதக்கூடியவர்கள். மூவரையும் நிராகரித்துக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. இணையதளங்களுக்குத் துறைவாரியாக எழுத்தாளர்களைத் தேர்ந்தெடுப்பதும் அவர்கள் எழுதுவதைச் செப்பனிடுவதும்தான் என் வேலை. நிராகரிப்புக் கடிதம் எழுதி எழுதிச் சலித்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

சோதனைக் காலம் என்றால் என்ன என்று தெரியாமல் யாரும் இதைப் படிக்கப்போவதில்லை. ஒரு துறைக்கு நான்கைந்து பேரைச் சில வாரங்கள் எழுத வைத்து, ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைப்பது. புதிய ஏற்பாடும் அல்ல. 1997இல் நியூயார்க்கில் தி மைனிங் கம்பெனி என்று தொடங்கி, 1999இல் அபவுட்.காம் என்று பெயர் மாறிய தளம் இப்படித்தான் ஒவ்வொரு துறைக்கும் ஒரு வழிகாட்டியைத் தேர்ந்தெடுத்தது. விண்ணப்பித்தவர்கள் பயிற்சிக் காலத்தில் தங்கள் துறைப் பக்கங்களை உருவாக்கிக் காட்ட வேண்டும்; தேறியவருக்குத்தான் அந்தத் துறை.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். போட்டியாளர்கள் பெரும்பாலோர் இதை எண்ணிக்கைப் போட்டி என்று நினைக்கிறார்கள். யார் அதிகக் கட்டுரை தருகிறாரோ அவருக்கு வேலை என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. அறிவிப்பில் வாரம் இரண்டு கட்டுரை என்று தெளிவாகப் போட்டிருப்போம். மூன்றாம் நாளே ஏழு கட்டுரை வந்து விழும். "கூடுதலாகவே அனுப்பியிருக்கிறேன் மேடம்" என்று பெருமையாக ஒரு குறிப்பு வேறு. ஏழையும் நான்தான் படிக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றுவதில்லை. மூன்று நாளில் ஏழு கட்டுரை எழுத ஒரே வழி, ஆங்கிலப் பக்கத்தை எடுத்து மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு, வரும் தமிழைக் கொஞ்சம் தட்டிக்கொட்டி அனுப்புவது. இப்போது சாட்ஜிபிடியும் கையில் இருப்பதால் தட்டிக்கொட்டும் வேலையும் மிச்சம்.

கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? தமிழுக்கு எழுத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருள் சரியாக வேலை செய்யாது என்ற தைரியம் பலருக்கு இருக்கிறது. எங்களுக்கு அந்த மென்பொருளே தேவையில்லை. அங்குலம், பவுண்டு, கேலன் என்று அளவுகள் வந்தால் போதும். "உங்கள் கொல்லைப்புறக் கொட்டகையில் இருக்கும் மண்வெட்டி" என்று அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர் எழுதினால் போதும். கருவி எழுதிய தமிழுக்கென்று ஒரு வழவழப்பு உண்டு. எந்த ஊர், எந்த மாதம், எவ்வளவு விலை என்று எதுவும் இருக்காது. நாள் முழுவதும் இதையே படிக்கிறவர்களுக்கு இரண்டாம் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

எண்ணிக்கையால் எங்களுக்கு ஏன் பயனில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2011 பிப்ரவரியில் கூகுள் தன் தேடல் முறையில் கொண்டுவந்த பாண்டா மாற்றம், கட்டுரைகளைக் கொத்துக் கொத்தாக உற்பத்தி செய்த தளங்களைப் பதம் பார்த்தது. 2022 டிசம்பரில், பக்கங்களின் தரத்தை மதிப்பிடுவோருக்கான தன் கையேட்டில் 'அனுபவம்' என்பதையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. 2024 மார்ச்சில், வாசகருக்கு உதவாத பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்வதை, மனிதன் செய்தாலும் எந்திரம் செய்தாலும், விதிமீறல் என்று அறிவித்தது. உங்கள் ஏழு கட்டுரைகளை வெளியிட்டால் அடி எங்கள் தளத்துக்கு. கூகுளே இல்லாவிட்டாலும், உறைபனிக்குக் காத்திருக்கச் சொல்லும் தளத்துக்கு மாடித்தோட்டம் போடுகிறவர் இரண்டாம் முறை வருவாரா?

அந்த ஆவடிப் பெண்மணியிடம் தொலைபேசியில் பேசினேன். வழக்கமாக நிராகரித்தவர்களிடம் பேசுவதில்லை. விண்ணப்பத்தில் பல வருடமாக மாடித்தோட்டம் வைத்திருப்பதாக அவர் எழுதியிருந்தது உறுத்திக்கொண்டிருந்தது. மாவுப்பூச்சியை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன். அவ்வளவுதான், அணை திறந்துவிட்டது. செம்பருத்தித் தண்டில் எறும்பு வரிசை ஏறினாலே சந்தேகப்பட வேண்டும், மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்புக்காகத்தான் எறும்பு வருகிறது. பழைய பல்துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக் கணுக்கணுவாகத் தேய்க்க வேண்டும். வேப்பெண்ணெயைத் தண்ணீரில் அப்படியே ஊற்றினால் மிதக்கும், சோப்புக் கரைசலில் கலந்தால்தான் ஒட்டும். அதையும் சாயங்காலம்தான் தெளிக்க வேண்டும். உச்சி வெயிலில் தெளித்து ஒருமுறை கத்தரி இலையெல்லாம் கருகிவிட்டது. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பூச்சி பரவியதும், அந்த வீட்டுக்காரம்மாவிடம் போய்ச் செம்பருத்தியை வெட்டச் சொன்னதும், அதனால் வந்த மனத்தாங்கலும் கூட வந்தன.

"இதையெல்லாம் ஏன் எழுதவில்லை?" என்று கேட்டேன்.

"இதெல்லாம் வீட்டில் நான் செய்கிற வேலைதானே மேடம்? கட்டுரை என்றால் தகவல் வேண்டாமா?" என்றார்.

தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. தகவல் யாரிடமும் கிடைக்கும். எறும்பு வரிசையைப் பார்த்தவர் எழுதினால்தான் எனக்கு வேலை நடக்கும். இதன்மேல் தகவல் சேர்க்க வேண்டுமா, தாராளமாகச் சேருங்கள். பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோவையில் கண்டறியப்பட்டு, மல்பெரி, மரவள்ளி என்று பல பயிர்களைப் பிடித்து ஆட்டியது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்ட பிறகுதான் அடங்கியது. ஆவடி மாடியில் தொடங்கிப் போர்ட்டோ ரிக்கோ வரை போய்வரும் கட்டுரையை அவரால் எழுதியிருக்க முடியும். எழுதியிருந்தால் அந்த ஒன்றே போதும், மற்ற ஆறும் தேவைப்பட்டிருக்காது.

தயாரிப்பு என்பது சோதனைக் காலம் தொடங்குவதற்கு முன்னால் நடக்க வேண்டியது. தொடங்கிய பிறகு தயாராக நேரம் இருக்காது. முதலில் ஒரு தாளில் நீங்கள் எழுதக்கூடிய தலைப்புகளை வரிசையாக எழுதுங்கள், எந்த இணையப் பக்கத்தையும் திறக்காமல். ஐம்பது வருகிறதா பாருங்கள். பன்னிரண்டாவதிலேயே பேனா நின்றுவிட்டால் அந்தத் துறை உங்களுடையது அல்ல; வேறு துறைக்கு விண்ணப்பியுங்கள், எனக்கும் நேரம் மிஞ்சும். நாங்கள் தேடுவது ஒரு வருடம் வற்றாமல் எழுதக்கூடியவரை. சோதனைக் காலத்தில் கட்டுரைகளோடு அடுத்த ஆறு மாதத் தலைப்புப் பட்டியலையும் கேட்பது அதற்காகத்தான். அதைக் கடைசி இரவில் ஒப்புக்கு நிரப்பி அனுப்புகிறார்கள். நான் முதலில் திறந்து பார்ப்பதே அந்தப் பட்டியலைத்தான்.

அந்தப் பட்டியலை நாட்காட்டியோடு பொருத்துங்கள். மாடித்தோட்டம் என்றால் ஆடிப்பட்டத்துக்கு விதைக் கட்டுரை ஜூன் கடைசியிலேயே தயாராக இருக்க வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழைக்கு முன் தொட்டிகளின் வடிகால், தை மாதத்தில் அடுத்த விதைப்பு, ஏப்ரலில் நிழல் வலை. நிதி என்றால் ஜனவரியிலேயே முதலீட்டுச் சான்றுகள், ஜூலையில் வரித் தாக்கல். வாசகர் எந்த மாதம் எதைத் தேடுவார் என்று தெரிந்தவர் பட்டியலைப் பார்த்தாலே தெரியும்.

ஆதாரங்களை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தில் தமிழிலேயே பயிர்வாரியாகக் குறிப்புகள் இருக்கின்றன. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 தக்காளியைப் பற்றி அங்கே படிக்காமல் ஓஹியோவின் தக்காளியை ஏன் மொழிபெயர்க்கிறீர்கள்? கேட்டுத் தெரிந்துகொள்ள இரண்டு மூன்று மனிதர்களையும் பிடித்து வையுங்கள்: ஒரு நாற்றங்கால்காரர், ஒரு தோட்டக்கலை அலுவலர். படங்களை நீங்களே எடுங்கள். கூகுளில் தேடி எடுத்த படம் யாரோ ஒருவருக்குச் சொந்தம், அவர் கேட்டு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். பொதுப் பயன்பாட்டுக்கான படக் கிடங்கான விக்கிமீடியா காமன்சில் எடுத்தாலும், உரிமக் குறிப்பைப் பார்த்து எடுத்தவர் பெயரைப் போட வேண்டும்.

எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். 2003இலிருந்து தமிழ் விக்கிப்பீடியா யூனிகோடில் ஓடுகிறது, இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் கோப்பு வருகிறது எனக்கு. திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பை. தமிழ்99 விசைப்பலகை பழகச் சில நாள் பிடிக்கும். அந்தச் சில நாள் சோதனைக் காலத்துக்கு முன்னால் இருக்கட்டும்.

சந்திப்பிழைக்காக யாரையும் நிராகரித்ததில்லை, அது என் வேலை. ஆனால் ஒரே பிழையை நான் திருத்தி அனுப்பிய பிறகும் அடுத்த கட்டுரையில் அப்படியே அனுப்பினால் பெயருக்கு நேரே ஒரு கோடு விழும். திருத்தத்தை எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதைத்தான் சோதனைக் காலத்தில் நாங்கள் அதிகம் கவனிக்கிறோம். "சரி, மாற்றிவிட்டேன்" என்பவரும் தேறுவார், "இந்த இடத்தில் நீங்கள் மாற்றியது தவறு, காரணம் இது" என்று வாதாடுபவரும் தேறுவார். பதிலே சொல்லாமல் புதுக் கட்டுரை அனுப்புபவர் தேறுவதில்லை. போட்டியாளர் எவ்வளவு அனுப்பினார் என்று தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன்.

பணம், உரிமை பற்றிக் கூச்சப்படாமல் கேளுங்கள். சோதனைக் காலக் கட்டுரைக்குக் காசு உண்டா, எப்போது, நிராகரித்த கட்டுரையை என்ன செய்வார்கள் என்று முதல் கடிதத்திலேயே கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். கேட்டதற்காக முகம் சுளிக்கும் இடத்தில் வேலை கிடைக்காததே நல்லது. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியர் அல்லாத நீங்கள் எழுதியதற்குப் பொதுவாக முதல் உரிமையாளர் நீங்கள்தான். உரிமை கைமாற எழுத்தில், உங்கள் கையொப்பத்தோடு ஒப்பந்தம் வேண்டும். காலவரம்பு குறிப்பிடாத ஒப்பந்தம் என்றால் ஐந்து வருடம் என்று கொள்ளப்படும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

"முன்பணம் கட்டினால் எழுதும் வாய்ப்பு" என்று எவர் சொன்னாலும் தொலைபேசியை வைத்துவிடுங்கள். எழுத்து வேலைக்கு எழுதுகிறவர் பணம் கட்டுவது எங்கும் இல்லாத வழக்கம். பதிவுக் கட்டணம் என்பார்கள், திரும்பக் கிடைக்கும் வைப்புத் தொகை என்பார்கள். பிறகு, வேலையில் பிழை அதிகம் என்று சொல்லி வக்கீல் நோட்டீஸ் என்ற பெயரில் ஒரு தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பி மிரட்டுவார்கள். பயந்து மேலும் கட்டிவிடாதீர்கள், 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேசுங்கள்.

எழுதியதற்கெல்லாம் உங்கள் கணினியில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அபவுட்.காமை 2005இல் நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் சுமார் 41 கோடி டாலருக்கு வாங்கி, 2012இல் 30 கோடி டாலருக்கு விற்றது. வாங்கியவர்கள் 2017இல் அதைத் துறைவாரியான தனித் தளங்களாகப் பிரித்து, பெயரையே டாட்டேஷ் என்று மாற்றிவிட்டார்கள். அவ்வளவு பெரிய தளத்துக்கே அந்தக் கதி. சோதனைக் காலத்தில் அனுப்பிய கட்டுரையைப் பத்திரமாக வைத்திருப்பது எங்கள் பொறுப்பு என்று எந்த ஒப்பந்தத்திலும் நாங்கள் எழுதுவதில்லை.

அடுத்த சுற்று ஆடிப்பட்டத்துக்கு முன் தொடங்குகிறது. ஆவடிப் பெண்மணியை மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன், எறும்பிலிருந்து ஆரம்பிக்கும்படி.