வானம் காலியாக இருக்கும்போதும் ஏறும் சுமை

மொரீஷியஸ் தீவின் பிளேசான்ஸ் விமான நிலையத்தில் ஓடுபாதை ஒன்றுதான். ஆனால் தரையிலிருந்து விமானங்களுக்கு வழிகாட்டும் மொரீஷியஸ் கன்ட்ரோலர்களின் பொறுப்பில் உள்ள வான்பரப்பு அதோடு முடிவதில்லை. கிழக்கே அது 75 டிகிரி தீர்க்கரேகை வரை, கடலுக்கு மேல் ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர் நீள்கிறது. அதற்கு அப்பால் விமானத்தை ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் மையம் ஏற்றுக்கொள்ளும்.

கன்ட்ரோலரின் வேலைச்சுமையை விமானங்களின் எண்ணிக்கையை வைத்து அளந்துவிட முடியாது. தைப்பூசத்தன்று காவடி ஊர்வலம் ஒரே திசையில் போகும்வரை பெருங்கூட்டத்தையும் சில தொண்டர்கள் சமாளித்துவிடுவார்கள். குறுக்குத் தெருவிலிருந்து ஐம்பது பேர் நுழைந்தால் போதும், அத்தனை தொண்டர்களும் ஓடவேண்டிவரும். வானத்திலும் ஒரே உயரத்தில் குறுக்கிடும் இரண்டு விமானங்கள், வரிசையாகப் போகும் பத்து விமானங்களைவிட அதிகக் கவனம் கேட்கும். எது எங்கே இருக்கிறது, பத்து நிமிடம் கழித்து எங்கே இருக்கும், யாரிடம் என்ன சொன்னோம், அவர் சரியாகத் திருப்பிச் சொன்னாரா என்பதெல்லாம் சேர்ந்த ஒரு படத்தைக் கன்ட்ரோலர் மனதில் ஓட்டிக்கொண்டே இருக்கிறார். அந்தப் படத்தைக் கலையாமல் வைத்திருப்பதுதான் உண்மையான சுமை.

கடலுக்கு மேல் இது இன்னும் கடினம். ரேடார் அலை நேர்கோட்டில் போகும், பூமியோ வளைந்திருக்கிறது. 35,000 அடியில் பறக்கும் விமானம்கூட 400 கிலோமீட்டர் தொலைவைத் தாண்டியதும் கரையிலுள்ள ரேடாரின் பார்வையிலிருந்து மறையத் தொடங்கும். சாதாரண வானொலிக்கும் அதே கதிதான். அப்புறம் கரகரக்கும் நெடுந்தூர வானொலியில் விமானி இந்தப் புள்ளியை இத்தனை மணிக்குக் கடந்தேன், அடுத்ததை இத்தனை மணிக்குக் கடப்பேன் என்று சொல்ல, அதை வைத்துக் கணக்குப் போடவேண்டும். அதனால்தான் இடைவெளியும் பெரிதாகிறது. ரேடாரில் தெரியும்போது ஒரே உயரத்தில் 5 கடல் மைல், அதாவது 9 கிலோமீட்டர் போதும். அது இல்லாத இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் விமானங்களுக்கு இடையே 10 நிமிடம் விடுவது பழைய வழக்கம். ஜெட் விமானத்துக்கு அது சுமார் 150 கிலோமீட்டர்.

சொல்லை மட்டும் நம்பிப் படம் வரைவது எவ்வளவு ஆபத்தானது என்பது இந்தத் தீவுக்குத் தெரியும். 1987 நவம்பர் 28, அதிகாலை. தைபேயிலிருந்து பிளேசான்ஸுக்கு வந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்க விமானம் ஹெல்டர்பெர்க்கின் சரக்குப் பகுதியில் தீப்பிடித்தது. விமானம் கடலில் விழுந்து 159 பேரும் இறந்தார்கள். தீக்கும் தரையில் இருந்தவர்களுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இருக்குமிடத்தைக் கேட்டபோது விமானி சொன்ன 65 மைல், அடுத்த வழிப்புள்ளிக்கு உள்ள தூரம். பிளேசான்ஸிலிருந்து உள்ள தூரம் என்று தரையில் புரிந்துகொண்டார்கள். தேடல் தீவுக்கு மிக அருகிலேயே தொடங்கியது; விமானம் விழுந்ததோ சுமார் 134 கடல் மைல் தொலைவில். புகைக்கு நடுவே பேசிய விமானியையும், இருட்டில் காதை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தவரையும் என்னால் குறைசொல்ல முடியவில்லை. தூரத்தைச் சொல்லும்போது எங்கிருந்து என்பதையும் சேர்த்துச் சொல்லவைப்பது முறையின் பொறுப்பு.

இன்று பெரிய விமானங்கள் பல, செயற்கைக்கோள் வழியாகத் தாமாகவே இருப்பிடத்தை அனுப்புகின்றன. கன்ட்ரோலரும் விமானியும் எழுத்தில் செய்தி பரிமாறிக்கொள்ளவும் முடிகிறது. தகுந்த கருவிகள் இருந்தால் முன்பின் இடைவெளியை 30 கடல் மைல்வரை குறைக்கலாம். காதுக்கு வேலை குறைகிறது. கண்காணிக்கும் வேலை கூடுகிறது.

அந்தக் கண்காணிப்பில்தான் அதிகம் பேசப்படாத சிக்கல் ஒன்று இருக்கிறது. நார்மன் மாக்வொர்த் என்ற உளவியலாளர் 1940களில் பிரிட்டிஷ் விமானப்படைக்காக ஒரு சோதனை செய்தார். கடிகார முள் போன்ற ஒன்று துள்ளித்துள்ளி நகரும். எப்போதாவது இரட்டைத் துள்ளல் வரும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்தவேண்டும். அரை மணி நேரத்துக்குள்ளேயே தவறவிடுவது கூடியது. வேலை குறைந்தாலும் மூளை தளர்கிறது. நள்ளிரவில் தொலைதூரத்தில் மூன்று விமானங்கள் மட்டுமே போகும் நேரத்தைச் சும்மா இருக்கும் நேரம் என்று நினைப்பது பெரிய தவறு.

2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேல் நடந்ததும் இதையே காட்டியது. அந்த வான்பரப்பைக் கவனித்த சூரிச் மையத்தில் பணியில் இருந்த இருவரில் ஒருவர் ஓய்வுக்குப் போயிருந்தார். மற்றவர் தனியாக இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பராமரிப்புப் பணியால் முக்கியத் தொலைபேசி இணைப்பும், மோதலை முன்கூட்டி எச்சரிக்கும் வசதியின் ஒரு பகுதியும் இயங்கவில்லை. தாமதமாக வந்த ஒரு விமானத்தை இறக்குவதில் அவர் கவனம் போய்விட, ஒரே உயரத்தில் குறுக்கிட்ட இரு விமானங்களைக் கடைசி நிமிடத்தில்தான் கண்டார். அவை மோதி 71 பேர் இறந்தார்கள். அன்றிரவு வானத்தில் நெரிசல் இல்லை.

அதனால் யாருக்கு எப்போது பணி என்ற ரோஸ்டர் போடும்போது விமானங்களை மட்டும் எண்ணினால் போதாது. கருவி பழுதானால் என்ன வேலை கூடும், ஓய்வுக்குப் போனவர் எவ்வளவு நேரத்தில் திரும்பி வருவார் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பணி கைமாறும் நேரத்துக்கும் ஆள் ஒதுக்கவேண்டும். ஒருவர் மனதில் இருக்கும் படம் இன்னொருவர் மனதுக்கு உடனே முழுதாகப் போய்விடாது. எழுந்தவர் சில நிமிடங்கள் பக்கத்திலேயே நின்று, புதியவர் கொடுக்கும் முதல் கட்டளைகளைக் கேட்கும் வழக்கம் பல மையங்களில் இருக்கிறது. அந்த நிமிடங்களும் பணிநேரத்தில் சேரவேண்டியவைதான்.