காய்ச்சல் விட்ட நாள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. காய்ச்சல் வார்டில் கட்டிலுக்குக் கட்டில் கொசுவலை. இரண்டாம் ஆண்டு செவிலிய மாணவிகள் ஆறு பேரை அழைத்துக்கொண்டு காலைப் பணிக்கு வந்திருந்தேன். எட்டாம் படுக்கையில் 19 வயதுப் பையன். டெங்கு உறுதியாகி இருந்தது, காய்ச்சல் கண்டு ஐந்தாம் நாள். பன்னிரண்டு மணிக்கு அவனைக் கவனித்துக்கொண்டிருந்த மாணவி மலர்ந்த முகத்தோடு என்னிடம் வந்தாள்.

"மேடம், எட்டாம் பெட்டுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. 98.4 தான். எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று அவனுடைய அம்மா கேட்கிறார்."

சார்ட்டை வாங்கிப் பார்த்தேன். வெப்பநிலைக் கோடு அழகாக இறங்கியிருந்தது. அதற்குக் கீழே அவளே எழுதியிருந்தாள்: நாடி 112, பி.பி. 100/84, மூச்சு 20.

டெங்குவை அறிந்தவர்களுக்கு அந்த பி.பி.யைப் பார்த்ததும் வயிற்றில் புளி கரைக்கும். டெங்குவில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் கொதிக்கும் நாட்களில் வருவதில்லை. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் வருகிறது. நுண்ணிய ரத்தக்குழாய்களிலிருந்து ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிந்து வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் சேர்கிறது. குழாய்க்குள் இருக்கும் ரத்தத்தின் அளவு குறைகிறது. உடல் சும்மா இருப்பதில்லை. ரத்தக்குழாய்களை இறுக்கி, இதயத்தை விரட்டி, பி.பி. விழாமல் முட்டுக்கொடுத்து நிறுத்துகிறது. அப்படி இறுக்கும்போது கீழ் எண் மேலே ஏறுகிறது. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையே வழக்கமாக 40 அளவில் இருக்கும் வித்தியாசம் சுருங்கிக்கொண்டே வருகிறது. அது 20 ஆகவோ அதற்குக் கீழாகவோ வந்துவிட்டால், மேல் எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஷாக், அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போய்ச் சேராத ஆபத்தான நிலை, தொடங்கிவிட்டது என்று பொருள்.

அந்தப் பையனுக்கு வித்தியாசம் 16.

பி.பி.யை அவள் அளந்தது சரி, எழுதியதும் சரி. கழித்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளுடைய ஆசிரியை நான்தான். பி.பி. எடுப்பது எப்படி, சார்ட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது, எந்த மையால் எழுதுவது என்பதெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தேன். கழித்தலைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவளைக் கூட்டிக்கொண்டு கட்டிலுக்குப் போனேன். "தொடாதே. காலடியில் நின்று அரை நிமிடம் பார்" என்றேன். பையன் புரண்டு புரண்டு படுத்தான். போர்வையை இழுப்பான், தள்ளுவான். "காய்ச்சல் விட்டதும் புள்ளைக்குத் தெம்பு வந்துவிட்டது" என்றார் அம்மா. பிறகு அவனுடைய பாதத்தைத் தொடச் சொன்னேன். சில்லென்று இருந்தது. விரல் நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு வினாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். நான்கு வினாடி ஆயிற்று. "கடைசியாக எப்போது சிறுநீர் போனான்?" என்று அம்மாவைக் கேட்டாள். காலையில் எழுந்ததும் போனதுதான். மூச்சை முழு நிமிடம் எண்ணச் சொன்னேன். 26.

டியூட்டி டாக்டர் ஓடி வந்தார். ஒரு மணி நேரத்துக்குள் பையன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். பிழைத்துக்கொண்டான்.

மூச்சுக்கு அவள் எழுதியிருந்த அந்த 20-ஐ மட்டும் என்னால் விட முடியவில்லை. அன்று மாலை மாணவிகளின் பழைய சார்ட்டுகளை எடுத்துப் புரட்டினேன். ஆஸ்துமாக்காரருக்கும் 20, எலும்பு முறிந்து கிடப்பவருக்கும் 20, நிமோனியா பாட்டிக்கும் 20. யாருமே எண்ணவில்லை. வார்டில் முப்பது பேரைப் பார்க்க வேண்டும். நாடிக்குக் கடிகாரம் பார்ப்பவர்கள் மூச்சுக்குப் பார்ப்பதில்லை. இது என் மாணவிகளின் பழக்கம் மட்டுமில்லை. எந்த ஊர் மருத்துவமனையிலும் அதிகம் புறக்கணிக்கப்படும் அளவு மூச்சின் எண்ணிக்கைதான். ஆனால் உடல் நிலை கெடும்போது முதலில் மாறுபவற்றில் ஒன்றும் அதுதான்.

இதன் விலை என்ன என்பதை மாணவிகளுக்குக் கணக்குப் போட்டே காட்டினேன். பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய 'நியூஸ்' என்ற மதிப்பெண் அட்டை இருக்கிறது. மூச்சு, ஆக்சிஜன் அளவு, பி.பி., நாடி, நினைவு, வெப்பநிலை ஒவ்வொன்றும் இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதற்கேற்ப மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 5 என்றால் டாக்டர் விரைந்து வர வேண்டும். 7 என்றால் நெருக்கடி. நம் பையனின் நாடிக்கு 2, மேல் பி.பி.க்கு 2. மூச்சு 20 என்று எழுதினால் அதற்கு 0. மொத்தம் 4, யாரும் வர மாட்டார்கள். எண்ணிக் கண்ட 26-க்கு 3, மொத்தம் 7. எண்ணாமல் எழுதிய ஒரே ஓர் எண் அவனை எச்சரிக்கைக் கோட்டுக்குக் கீழே மறைத்துவைத்திருந்தது. அந்த அட்டை பி.பி.யின் கீழ் எண்ணைக் கணக்கில் எடுப்பதே இல்லை என்பதையும் சொன்னேன். டெங்கு வார்டில் அட்டையை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

அதற்குப் பிறகு நான் பாடம் நடத்தும் முறையை மாற்றிக்கொண்டேன். விலை உயர்ந்த பொம்மை நோயாளி எங்களிடம் இல்லை. ஒரு தாளில் ஆறு மணி நேர சார்ட்டை எழுதி, பெயர் இல்லாமல், மேலே ஓர் அட்டையால் மூடிவிடுவேன். ஒவ்வொரு வரியாகத் திறப்பேன்.

காலை 6 மணி: 110/70, நாடி 92. 8 மணி: 106/74, நாடி 98. 10 மணி: 104/80, நாடி 106. 12 மணி: 100/84, நாடி 112.

ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: "இப்போது டாக்டரைக் கூப்பிடுவாயா?" முதல் தடவை பெரும்பாலான கைகள் 12 மணிக்குத்தான் உயர்ந்தன. கழித்து எழுதச் சொன்னேன்: 40, 32, 24, 16. வகுப்பே அமைதியானது. இப்போதெல்லாம் கைகள் 10 மணிக்கே உயர்கின்றன. ஒருத்தி 8 மணிக்கே உயர்த்தினாள். "கூப்பிட மாட்டேன் மேடம். ஆனால் இரண்டு மணி நேரம் காத்திருக்காமல் அரை மணியில் மறுபடி பார்ப்பேன்" என்றாள்.

பி.பி.யை உருட்டி எழுதும் பழக்கத்தையும் ஒழிக்க வேண்டியிருந்தது. 110/70, 120/80 என்று பூஜ்யத்தில் முடிப்பது கைக்கு எளிது. கருவியில் கோடு இரண்டிரண்டாக இருக்கிறது, 84 என்றால் 84 என்றே எழுத வேண்டும். அன்று அவள் 80 என்று எழுதியிருந்தால் வித்தியாசம் 20 ஆகியிருக்கும். 100/70 என்று எழுதியிருந்தால் நானும் சார்ட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

மூச்சை எண்ணுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எண்ணுகிறோம் என்று தெரிந்தால் யாருமே இயல்பாக மூச்சு விடுவதில்லை. நாடி பார்த்த கையை விடாமல் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சுக்கு மாற்ற வேண்டும். டெங்குவில் இது இரண்டாவது முறையும் உயிர் காக்கும். கசிவு 24 முதல் 48 மணி நேரத்தில் நின்றுவிடும். பிறகு கசிந்த நீர் ரத்தத்துக்கே திரும்புகிறது. அப்போதும் டிரிப்ஸ் பழைய வேகத்தில் ஓடினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். புதுப் பாட்டிலை மாட்டும் முன் மூச்சை எண்ணு, டாக்டரைக் கேள் என்பது எங்கள் வார்டில் இப்போது சட்டம் போலாகிவிட்டது.

கண்டுபிடித்தால் மட்டும் போதாது, சொல்லவும் தெரிய வேண்டும். "டாக்டர், எட்டாம் பெட்டுக்குப் பி.பி. கொஞ்சம் சரியில்லை" என்றால் எதிர்முனையில் இருப்பவர், நாலு வார்டைப் பார்ப்பவர், "சரி, வருகிறேன்" என்று வைத்துவிடுவார். அமெரிக்கக் கடற்படையிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்த எஸ்பார் என்ற நான்கு படி முறையைத் தமிழிலேயே பழக்குகிறேன்: என்ன நடக்கிறது, இவர் யார், நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும். "டாக்டர், எட்டாம் பெட், 19 வயது, நாடி 112, பி.பி. 100/84. டெங்கு, ஐந்தாம் நாள், காலையில் காய்ச்சல் விட்டது. கால் சில்லிட்டிருக்கிறது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை. ஷாக் என்று நினைக்கிறேன். உடனே வந்து பாருங்கள்." கடைசி இரண்டு வாக்கியங்களைச் சொல்ல மாணவிகள் படும் பாட்டை நான் அறிவேன். "நான் யார் மேடம் ஷாக் என்று சொல்ல?" என்று கேட்கிறார்கள். பக்கத்தில் நிற்பவள் நீதானே என்பேன்.

வீட்டாரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தட்டணுக்கள் எவ்வளவு என்று மட்டுமே எல்லோரும் கேட்கிறீர்கள். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கைகால் சில்லிப்பு, மிகுந்த அசதி அல்லது இருப்புக்கொள்ளாத தன்மை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் செவிலியரைக் கூப்பிடுங்கள். வீட்டில் இருந்தால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

சக செவிலியர்களிடமும் மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பயந்து கூப்பிட்ட மாணவியை, வந்து பார்த்து ஒன்றுமில்லை என்பதற்காகத் திட்டாதீர்கள். ஒரு முறை திட்டு வாங்கியவள் அடுத்த முறை இன்னும் அரை மணி பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவாள். அந்த அரை மணியில் பி.பி. வித்தியாசம் 24 என்பது 16 ஆகிவிடலாம்.

சென்ற மாதம் அதே மாணவி இரவுப் பணியில் இருந்தாள். இரண்டு மணிக்கு ஒரு பெண்ணுக்கு மூச்சு 24 என்று எண்ணி, டாக்டரை எழுப்பியிருக்கிறாள். அவர் வந்து பார்த்தார். கெட்ட கனவு கண்டு பயந்து விழித்திருந்தார் அந்த அம்மா. பத்து நிமிடத்தில் மூச்சு 16-க்கு இறங்கிவிட்டது. காலையில் கண்கலங்க வந்து என்னிடம் சொன்னாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "எத்தனை நிமிடம் எண்ணினாய் என்று கேட்டார். ஒரு நிமிடம் முழுக்க என்றேன். சரி, போய் டீ குடி என்றார்." அவளுடைய செயல்முறைக் குறிப்பேட்டை வாங்கி, அந்த இரவுக்கு முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டேன்.