டிஸ்கிரீஷன்: அரண்மனைப் பணிப்பெண்ணுக்கு ஏது விருப்புரிமை?

போன வாரம் இங்கிலாந்து அரண்மனையைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைத் தமிழ் வசன வரிகளோடு பார்த்துக்கொண்டிருந்தேன். எலிசபெத் அரசியின் உடைகளைக் கவனித்துக்கொண்ட மார்கரெட் மெக்டொனால்ட், செல்லமாக ‘போபோ’, பற்றிய பகுதி. பின்னணிக் குரல் அந்த அம்மாளின் டிஸ்கிரீஷனை, அதாவது தெரிந்ததை வெளியே விடாத குணத்தை, புகழ்கிறது. கீழே ஓடிய வரி இது: ‘அவர் கடைசிவரை முழு விருப்புரிமையுடன் பணியாற்றினார்.’

விருப்புரிமையாம். 1926இல், அரசி கைக்குழந்தையாக இருந்தபோது வேலைக்குச் சேர்ந்தவர் போபோ. 1993இல் பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே கண்ணை மூடினார். சிறுமியாக இருந்த அரசியோடு ஒரே அறையில் படுத்தவர். பிறகு காலையில் தேநீர் கொண்டுபோய் எழுப்பியவர். குடும்பத்துக்கு வெளியே அரசியை ‘லிலிபெட்’ என்று கூப்பிடக்கூடிய வெகுசிலரில் ஒருவர். அறுபத்தேழு ஆண்டுகளில் ஒரு பேட்டிகூடக் கொடுத்ததில்லை. பின்னணிக் குரல் புகழ்ந்தது இதைத்தான். தமிழ் வரியைப் படித்தவருக்கோ, போபோ தன் இஷ்டத்துக்கு வந்து இஷ்டத்துக்குப் போனவர் என்றுதான் தோன்றும்.

இதே கோளாறை இதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். ஒரு முறை என்றால் கவனக்குறைவு. திரும்பத் திரும்ப வந்தால் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிறார்கள் என்று பொருள்.

சொல்லின் பூர்வீகத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். லத்தீனில் ‘செர்னெரே’ என்றால் சலித்தல், சல்லடையில் போட்டுப் பிரித்தல். ‘டிஸ்’ முன்னால் சேர்ந்தால் இதையும் அதையும் வேறாக்கிப் பார்ப்பது. ‘சே’ சேர்ந்தால் தனியே ஒதுக்கி வைப்பது. முன்னது பிரெஞ்சு வழியாக வந்து டிஸ்கிரீஷன் ஆனது. பின்னதிலிருந்து சீக்ரெட்டும், அந்த ரகசியங்களை வைத்திருப்பவரான செக்ரெட்டரியும் வந்தார்கள். ஆக ரகசியத்துக்கும் டிஸ்கிரீஷனுக்கும் சல்லடை ஒன்றே.

டிஸ்கிரீஷன் பிற்பாடு இரண்டு கிளையாகப் பிரிந்தது. ஒன்று, அதிகாரம் உள்ளவர் தானே பார்த்து முடிவெடுப்பது. மற்றது, தெரிந்ததில் எதைச் சொல்லலாம், எதை விழுங்க வேண்டும் என்று சலித்துப் பார்த்து வாயைக் காப்பது. முதல் கிளைக்கு விருப்புரிமை அருமையான சொல். வீட்டுவசதி வாரியத்தில் ‘அரசு விருப்புரிமை ஒதுக்கீடு’ என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அந்த இடத்தில் அது கச்சிதம். இரண்டாவது கிளைக்கு அதனிடம் ஒன்றுமே இல்லை. ஒன்று ஆள்பவரின் குணம், மற்றது ஆளப்படுபவரின் குணம். இரண்டையும் ஒரே சொல்லில் கட்டுவது எஜமானின் செருப்பை வேலைக்காரருக்கு மாட்டிவிடுகிற கதை.

சிலர் ‘விவேகம்’ என்று போடுகிறார்கள். வேரைத் தோண்டினால் அது பிழையில்லை. வடமொழியிலும் அதன் வேர் பிரித்தெடுப்பதுதான். ஆனால் வேரை வைத்தா பேசுகிறோம்? ‘விவேகத்துடன் பணியாற்றினார்’ என்றால் ஏதோ நிதியமைச்சர் நினைவுதான் வருகிறது.

அடுத்தது ‘தனியுரிமை’. 2017இல் உச்ச நீதிமன்றம் அதை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்ததிலிருந்து இந்தச் சொல்லுக்கு ஏக மவுசு. கைப்பேசிச் செயலியிலிருந்து அரண்மனை வரை எங்கும் தனியுரிமைதான். அதே ஆவணப்படத்தில் ஊழியர்கள் ‘தனியுரிமை ஒப்பந்தத்தில்’ கையெழுத்திடுகிறார்கள் என்று வந்தது. யாருடைய உரிமை? ஊழியருடையதா? அவருக்கு அந்த ஒப்பந்தத்தில் இருப்பது கடமை மட்டும்தான். உரிமை அந்தப் பக்கம், பூட்டு இந்தப் பக்கம்.

இது சும்மா சொல் விளையாட்டு இல்லை, சட்டத்திலேயே இருக்கும் வேறுபாடு. விக்டோரியா அரசியும் ஆல்பர்ட் இளவரசரும் பொழுதுபோக்காகச் செப்புத் தகட்டில் சித்திரங்கள் செதுக்கினார்கள். குழந்தைகள், நாய்கள், வீட்டுக் காட்சிகள். படியெடுக்க விண்ட்சரில் ஓர் அச்சுக்காரரிடம் கொடுத்தார்கள். அங்கே வேலை பார்த்தவர் தனக்கென்று சில படிகளை எடுத்துக்கொண்டார். அவை கைமாறி, கண்காட்சி வைத்து விவரப் பட்டியலும் அச்சிடுகிற அளவுக்குப் போயின. ஆல்பர்ட் வழக்குப் போட்டார். 1849இல் தடை கிடைத்தது. அந்தத் தீர்ப்பில் சொத்துரிமையோடு முக்கியமாக நின்றது நம்பிக்கை மீறல்: நம்பிக் கொடுத்ததை வெளியே விட்டது குற்றம். 2003இல் ஒரு நிருபர் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஏவலாளாகச் சேர்ந்து, இரண்டு மாதம் தட்டு தூக்கிவிட்டு, அரசியின் காலை உணவு மேசையில் கார்ன்ஃபிளேக்ஸ் பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கிறது என்று டெய்லி மிர்ரரில் எழுதினார். படமும் வந்தது. அரண்மனை நீதிமன்றம் போனது அவர் வேலையில் சேரும்போது எழுதிக்கொடுத்த ரகசியக் காப்பு உறுதியைக் காட்டித்தான். அந்த உறுதிமொழியைத் ‘தனியுரிமை ஒப்பந்தம்’ என்றால் வழக்கின் கழுத்தே முறிந்துவிடும்.

சரி, அப்படியானால் எது சொல்? இங்கேதான் எனக்கும் ஒரு தமிழாசிரிய நண்பருக்கும் சண்டை. பணி ஓய்வு பெற்றவர், தனித்தமிழ்ப் பிடிவாதக்காரர். வசன வரியைப் பற்றிப் புலம்பினேன். ‘மறைகாப்பு என்று போட வேண்டியதுதானே? மெய்காப்பாளர் உடம்பைக் காப்பவர். மறைகாப்பாளர் மறையைக் காப்பவர். இதைவிட என்ன வேண்டும்?’ என்றார்.

கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! வள்ளுவரையும் துணைக்கு அழைத்தார். மன்னரைச் சேர்ந்தொழுகல் அதிகாரத்தில் இருக்கிறது:

எப்பொருளும் ஓரார் தொடரார்மற் றப்பொருளை
விட்டக்கால் கேட்க மறை.

அரசன் பேசும்போது ஒட்டுக் கேட்காதே, தோண்டித் துருவாதே, அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள். கயமை அதிகாரத்தில் இன்னும் பச்சையாக:

அறைபறை அன்னர் கயவர்தாம் கேட்ட
மறைபிறர்க் குய்த்துரைக்க லான்.

காதில் விழுந்த ரகசியத்தைச் சுமந்துபோய் அடுத்தவரிடம் இறக்குகிறவன் அடிபடும் பறைக்குச் சமம். அரண்மனை ஊழியருக்கு இதைவிடப் பொருத்தமான பணி விதி எந்த நாட்டிலும் இருக்க முடியாது. இதுவரை நண்பரோடு எனக்குத் தகராறே இல்லை.

தகராறு வள்ளுவருக்கும் நமக்கும் நடுவில் போன காலத்தோடு. மறை என்றால் இன்றைக்குத் தெருவில் போகிறவருக்கு எது தோன்றும்? நான்மறை. திருமறைக்காடு. தேவாலயத்தின் பக்கம் போனால் மறைமாவட்டம், மறையுரை, மறைக்கல்வி. ‘மறைகாப்பாளர்’ என்று ஒரு பலகையில் எழுதி வைத்துப் பாருங்கள். பாதிப் பேர் வேதபாடசாலை என்பார்கள், மீதிப் பேர் பங்குச் சாமியாரைத் தேடுவார்கள். இதில் நம் மொழிபெயர்ப்பாளர்கள் ‘விசுவாசமுள்ள’ என்ற அடைமொழியையும் தவறாமல் சேர்ப்பார்களே! ‘விசுவாசமுள்ள மறைகாப்பாளர் போபோ’ என்றால் அந்த அம்மாள் உபதேசியாராகவே ஆகிவிடுவார்.

தமிழாசிரிய ஐயா விடவில்லை. இலங்கைச் சட்டத் தமிழில் பிரிட்டிஷ் அரசரின் ஆலோசனைச் சபையான பிரிவி கவுன்சிலைக் ‘கோமறைக் கழகம்’ என்கிறார்களே, அங்கே குழப்பம் வந்ததா என்றார். நல்ல கேள்வி. எனக்கு மிகப் பிடித்த ஆக்கங்களில் அது ஒன்று. ஆனால் அங்கே ‘கோ’ முன்னால் நின்று மறையின் கையைப் பிடித்துக்கொள்கிறது. அரசன் சம்பந்தப்பட்ட மறை என்று தெரிந்துபோகிறது. ‘மறைகாப்பு’க்கு அப்படி ஒரு கைப்பிடி இல்லை. ‘கோமறைகாப்பு’ என்று நீட்டலாம்தான், ஆனால் பணக்கார வீட்டு ஓட்டுநர், மருத்துவமனைத் தாதி, வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா எல்லாருக்கும் வேண்டிய குணம் இது. அவர்களுக்கெல்லாம் ‘கோ’வுக்கு எங்கே போவது?

விசுவாசம் என்று சொன்னேன் அல்லவா, அதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பலர் டிஸ்கிரீஷனை விசுவாசத்துக்குள்ளேயே அடக்கிவிடுகிறார்கள். விசுவாசி வாய் திறக்கமாட்டான் என்ற நினைப்பு. பால் பரெலை எடுத்துக்கொள்ளுங்கள். அரசியிடம் ஏவலாளாக இருந்து, பிறகு டயானாவின் பட்லர் ஆனவர். (பட்லரை நம் பத்திரிகைகள் ‘சமையல்காரர்’ என்று எழுதியது தனிக் கூத்து. அது பிரெஞ்சில் பாட்டில்களின் பொறுப்பாளர். நம்மூர்த் துரை வீடுகளில் பட்லர் அடுப்படியையும் பார்த்துக்கொண்டதால் வந்த வினை.) டயானாவின் பொருள்களைத் திருடினார் என்று அவர்மேல் நடந்த வழக்கு 2002இல் பாதியில் நின்றது. டயானாவின் சில காகிதங்களைப் பத்திரமாக வைத்திருப்பதாக பரெல் தன்னிடம் முன்பே சொன்னது அரசிக்கு நினைவு வந்ததுதான் காரணம். அடுத்த ஆண்டே பரெல் புத்தகம் போட்டார், டயானாவின் கடிதங்கள் உட்பட. தன் எஜமானிக்கு விசுவாசமாகவே அதை எழுதியதாக அவர் பேச்சு. வில்லியமும் ஹாரியும் அதைத் துரோகம் என்று அறிக்கை விட்டார்கள். அவருடைய விசுவாசம் உண்மையா பொய்யா என்று நாம் பஞ்சாயத்துப் பண்ண வேண்டாம். உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் வாய் திறந்துதானே இருந்தது? விசுவாசம் நெஞ்சில் இருப்பது. டிஸ்கிரீஷன் நாக்கில் இருப்பது.

அப்படியானால் ‘நாவடக்கம்’ போதாதா? போதாது. நாவடக்கம் என்றால் கடுஞ்சொல் பேசாமை, பெரியவர்களை எதிர்த்துப் பேசாமை. ‘வாயடக்கம்’ அதன் தம்பி. இரண்டிலும் ரகசியம் இல்லை.

1949இல் அன்றைய அரசி, அதாவது எலிசபெத்தின் தாயார், மகள்களின் ஆசிரியையாக இருந்த மேரியன் கிராஃபர்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். குழந்தைகளைப் பற்றிப் பத்திரிகையில் பெயர் போட்டு எழுதாதே, எங்கள் நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர்கள் முழுக்க முழுக்க ஆய்ஸ்டராக இருக்க வேண்டும் என்று. ஆய்ஸ்டரைப் போல என்றுகூட இல்லை, ஆய்ஸ்டராகவே. இதை ‘சிப்பி போல’ என்று தமிழில் போட்டால் காரியம் கெட்டது. ஆங்கிலேயருக்குச் சிப்பி கத்தி வைத்து நெம்பினால் ஒழியத் திறக்காத பண்டம். நமக்கோ சுவாதி மழைக்கு வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பது சிப்பி. மழைத்துளி விழுந்தால்தானே முத்து?

கிராஃபர்டு கேட்கவில்லை. 1950இல் புத்தகம் வந்தது. படித்தால் சிரிப்பு வரும். இளவரசிகளைச் சுரங்க ரயிலில் கூட்டிப்போனது போன்ற பாசமான சமாசாரங்கள்தான். தண்டனையோ சிறிதல்ல. கென்சிங்டன் அரண்மனை வளாகத்தில் கொடுத்த வீடு போயிற்று. அரச குடும்பம் அவரோடு பிறகு பேசவே இல்லை. 1988இல் அவர் இறந்தபோது அங்கிருந்து ஒரு மலர்வளையம்கூட வரவில்லை. ஆங்கிலத்தில் அவருடைய செல்லப் பெயரான ‘கிராஃபி’யே வீட்டு விஷயத்தை விற்பதற்கு மறுபெயர் ஆகிவிட்டது. போபோவும் அவரும் ஒரே வீட்டில் வேலை பார்த்த ஸ்காட்லாந்துப் பெண்கள். இருவரையும் பிரித்தது இந்த ஒரு சொல்தான், அதைத்தான் ‘விருப்புரிமை’ என்று போட்டுவிட்டார்கள்.

என் தீர்ப்பு: கமுக்கம். புதிதாகக் கட்டிய சொல் இல்லை, வீட்டில் புழங்குவது. ‘அவளிடம் சொல்லு, கமுக்கமான ஆளு’ என்றால் நம் பாட்டிகளுக்கே புரியும். எதிர்ச்சொல்லும் தயாராக இருக்கிறது, ஓட்டைவாய். ஒரு சொல்லுக்கு எதிர்ச்சொல் தானாக நாக்கில் வருகிறதா என்று பார்ப்பது என் பழக்கம். வந்தால் சொல் உயிரோடு இருக்கிறது. மறைகாப்புக்கு எதிர்ச்சொல் கேட்டேன், ஐயா அரை நிமிடம் யோசித்து ‘மறையவிழ்ப்பு’ என்றார். கமுக்கத்தில் கொஞ்சம் கள்ளத்தனத்தின் வாடை அடிக்கிறது என்பது அவருடைய ஆட்சேபம். ‘கமுக்கமாகக் காரியத்தை முடித்துவிட்டான்’ என்று குறையாகவும் சொல்கிறோம், ஒப்புக்கொள்கிறேன். அந்த வாடை பாதிக்கு மேல், வாயைப் பிடுங்கிப் பார்த்துத் தோற்றவர்களின் எரிச்சலிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. பெயர்ச்சொல்லுக்குப் பெயர்ச்சொல் கொடுத்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? ‘முழு இதனுடன்’, ‘மிகுந்த அதனுடன்’ என்று ‘உடன்’ போட்டு உடன் போட்டே தமிழ் வசன வரிகள் எல்லாம் அரசாணை மாதிரி ஆகிவிட்டன. வினையை வைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ‘அரண்மனையில் கண்டதையும் கேட்டதையும் கடைசிவரை வெளியே விட்டதில்லை’ என்று எழுதினால் விருப்புரிமையும் வேண்டாம், கமுக்கமும் வேண்டாம். ஆனால் வரிக்கு இத்தனை எழுத்து என்று கணக்கு இருக்கிறதாம், நிறுவனத்து அகராதிப் பட்டியலில் உள்ள சொல்லைத்தான் போட வேண்டுமாம். அந்த வேலை பார்க்கும் தம்பி ஒருவர் சொன்னார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவரிடமும் எழுதி வாங்கியிருக்கிறார்கள், ஆகவே இதற்கு மேல் வேண்டாம்.

இதை எழுதி ஐயாவுக்கு அனுப்பினேன். ‘கமுக்கம் பேச்சுவழக்கு, கட்டுரைக்கு ஆகாது’ என்று ஒரே வரி பதில் வந்தது. கீழே கையெழுத்துக்கு மேல், ‘மறைகாப்பன்’.