அமிலம் எங்கே போய் நிற்கிறது?

சூடான கல்லில் முட்டையை உடைத்து ஊற்றினால், கண்ணாடி போலிருந்த வெள்ளைக்கரு பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால்வெள்ளையாகிக் கெட்டிப்படும். கெமிக்கல் பீல் என்ற தோல் சிகிச்சையில், டி.சி.ஏ. எனப்படும் ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தை முகத்தில் தடவினால் தோலிலும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. நெற்றியில் தடவிய ஓரிரு நிமிடத்துக்குள் அந்த இடம் திட்டுத்திட்டாக வெளுக்கத் தொடங்கும். படுத்திருப்பவருக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போகும். பக்கத்தில் ஒருவர் கையடக்க மின்விசிறியைக் காட்டிக்கொண்டிருப்பார். டாக்டரின் கண் மட்டும் அந்த வெள்ளையை விட்டு அகலாது. தோல் மருத்துவர்கள் இதை 'ஃப்ராஸ்டிங்' என்கிறார்கள். தோலில் உள்ள புரதம் உறைந்து போனதன் அடையாளம் அது. வெள்ளை மெல்லிய வலை போல இருக்கிறதா, பின்னாலிருக்கும் சிவப்பு தெரிகிறதா, அல்லது சுண்ணாம்பு பூசியது போல முழுக்க வெளுத்துவிட்டதா என்பதை வைத்து அமிலம் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று கணிக்கிறார்கள்.

கெமிக்கல் பீல் என்றதும், சுவரில் பழைய பெயின்ட்டைச் சுரண்டுவது போல மேலே இருக்கும் அழுக்குத் தோலை எடுத்துவிடுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. அமிலம் செய்வது அளந்து வைத்த ஒரு காயம். அந்தக் காயத்தை ஆற்ற உடம்பு புதிதாகக் கட்டும் தோல்தான் நாம் காசு கொடுத்து வாங்குவது. ஆகவே இந்தச் சிகிச்சையின் எல்லாக் கேள்விகளும் ஒரே இடத்தில் வந்து முடிகின்றன: காயம் எவ்வளவு ஆழம்?

முகத்தின் மேல்தோல் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். அதன் உச்சியில் செத்த செல்கள் ஓடு வேய்ந்தது போல அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அடித்தட்டில் புதிய செல்கள் பிறந்து, மெல்ல மேலேறி, செத்து உதிர நான்கு வாரம் போல ஆகும். வயது ஏற ஏற இன்னும் தாமதமாகும். நிறமியான மெலனினைச் சுரக்கும் செல்களும் அதே அடித்தட்டில்தான் இருக்கின்றன. அதற்கும் கீழே கொலாஜன் இழைகள் நிறைந்த உள்தோல். மேல்தோலோடு நின்றால் அது மேலோட்டமான பீல்: பரு, மங்கு, பரு விட்டுப்போன கறை ஆகியவற்றுக்கு. உள்தோலின் மேற்பகுதியைத் தொட்டால் நடுத்தரம். அதையும் தாண்டினால் ஆழமான பீல். பரு குழித்துவிட்டுப் போன ஆழமான பள்ளங்களை மேலோட்டமான பீல் நிரப்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பள்ளம் இருக்கும் தளத்துக்கே அது போவதில்லை.

ஒவ்வொரு அமிலத்துக்கும் நிற்கும் விதம் வேறு. கிளைக்காலிக் அமிலம் தானாக நிற்காது. பழ அமிலங்கள் (ஏ.ஹெச்.ஏ.) எனப்படும் குடும்பத்திலேயே மிகச் சிறிய மூலக்கூறு அதுதான். சுலபமாக நுழைந்து, செத்த செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் இணைப்புகளைத் தளர்த்துகிறது. விட்டால் இன்னும் கீழே போய்க்கொண்டே இருக்கும். அதனால் கடிகாரத்தைப் பார்த்தபடி தடவி, சில நிமிடத்தில் தோல் சிவந்ததும் சோடா உப்புக் கரைசலால் முறிக்க வேண்டும். முறிக்கும்போது கரியமில வாயு நுரைத்துக்கொண்டு வரும். கரும்பில் இருக்கும் பொருள்தானே, சாதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

சாலிசிலிக் அமிலம் நேர்மாறு. 20 அல்லது 30 சதவீதக் கரைசலாக ஆல்கஹாலில் கலந்து தடவுவார்கள். ஆல்கஹால் ஆவியானதும் அமிலம் வெள்ளைப் பொடியாக முகத்தில் படிந்துவிடும். அதற்கு மேல் பெரிதாக உள்ளே போகாது. இந்த வெள்ளை, துடைத்தால் போய்விடும். டி.சி.ஏ. வெள்ளை துடைத்தால் போகாது. சாலிசிலிக் அமிலத்துக்கு எண்ணெயில் கரையும் குணம் இருப்பதால் எண்ணெய் வழியும் துளைகளுக்குள் இறங்கும். பருவுக்கு இதைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான்.

டி.சி.ஏ. புரதத்தை உறைய வைப்பதிலேயே தன்னைச் செலவழித்துத் தீர்ந்துவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு பூச்சும் முந்தியது விட்ட இடத்திலிருந்து கீழே தொடரும். அதே கரைசலை இன்னொரு கை கூடுதலாகப் பூசினால் வேறு ஆழத்துக்குப் போய்விடும்.

ஆழமான பீலுக்குப் பயன்படும் ஃபீனாலின் கதை தனி. 1960களில் பரவலான பேக்கர்-கார்டன் கலவையில் ஃபீனாலோடு தண்ணீர், திரவ சோப்பு, 3 சொட்டு குரோட்டன் எண்ணெய் இருக்கும். அதாவது, கடும் பேதிக்குப் பெயர்போன நம் நேர்வாளத்தின் எண்ணெய். வேலையெல்லாம் ஃபீனாலுடையது, எண்ணெய் துணைக்கு என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தார்கள். கிரிகரி ஹெட்டர் என்ற அறுவை மருத்துவர் 2000இல் வெளியிட்ட கட்டுரைகள் அதைக் குலைத்தன: ஆழத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தச் சொட்டுகள்தான். ஃபீனால் தோல் வழியாக ரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பைத் தாறுமாறாக்க வல்லது. ஆகவே முகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, நடுவில் இடைவெளி விட்டு, இ.சி.ஜி. திரையைப் பார்த்தபடி செய்வார்கள். அழகு நிலையத்தில் செய்கிற காரியமில்லை.

பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதமும் பாதிக் கதைதான். அமிலத்தில் மின்னூட்டம் இல்லாத மூலக்கூறுகளே தோலின் கொழுப்பைச் சுலபமாகக் கடக்கும். கிளைக்காலிக் அமிலத்தில், அமிலத்தன்மையைக் காட்டும் அளவான பி.ஹெச். சுமார் 3.8 ஆக இருந்தால் பாதி மூலக்கூறுகள் அப்படி இருக்கும், 4.8 ஆனால் பத்தில் ஒன்றுகூடத் தேறாது. பி.ஹெச். தெரியாமல், 30 சதவீதம் என்று மட்டும் அச்சிட்ட இரண்டு பாட்டில்கள், ஒன்று வெறும் கிரீம் போலவும் மற்றது முகத்தைப் பொசுக்குவதாகவும் இருக்கலாம். இணையத்தில் வாங்கி வீட்டில் பூசிப் பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

கருமையான தோலுக்கு இன்னொரு சிக்கல். அழற்சி வந்தால் நிறமிச் செல்கள் மிரண்டு மெலனினைக் கூடுதலாகக் கொட்டும். மங்குத் திட்டைப் போக்கச் செய்த பீலே புதுக் கறையைக் கொண்டுவந்துவிடும். அதனால்தான் ஒரே அடியில் ஆழமாகப் போகாமல், இரண்டிலிருந்து நான்கு வார இடைவெளியில் மேலோட்டமாகப் பல முறை செய்கிறார்கள். பெரிய மூலக்கூறு என்பதால் மெதுவாக நுழையும் மேண்டலிக் அமிலம் இங்கே கைகொடுக்கிறது. பீலுக்குச் சில நாட்களுக்கு முன்பே, வைட்டமின் ஏ வகையான ரெட்டினாய்டு கிரீமை நிறுத்தச் சொல்வதும், பிறகு சன்ஸ்கிரீனை விடாமல் பூசச் சொல்வதும் இதே பயத்தில்தான். உதட்டோரம் ஹெர்பிஸ் கொப்புளம் வந்த வழக்கம் உண்டென்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காயம் அதைத் தட்டி எழுப்பும்.

ஆழமான காயத்தை ஆற்றும் செல்கள் முடிக்கால்களிலிருந்தும் எண்ணெய்ச் சுரப்பிகளிலிருந்தும் ஏறி வருகின்றன. முகத்தில் இவை நெருக்கமாக இருக்கும், கழுத்தில் குறைவு. முகம் ஜோராக ஆறிய அதே அளவு கழுத்தில் தழும்பாகிவிடுவது இதனால்தான்.

டி.சி.ஏ. போட்டவருக்கு மூன்றாம் நாள் போல வாயைச் சுற்றி முதலில் உரியத் தொடங்கும். அதிகம் அசைகிற இடம் அது. தொங்கும் தோலைப் பிய்க்கக் கை துறுதுறுக்கும். பிய்த்தால் கீழே இன்னும் தயாராகாத தோல் வெளியே வந்து, அந்த இடம் கறுக்கும். கிளைக்காலிக், சாலிசிலிக் போட்ட பலருக்கோ கண்ணுக்குத் தெரிய எதுவுமே உரியாது. செல்கள் தனித்தனியாக, பொடியாக, முகம் கழுவும் தண்ணீரோடு போய்விடும். "உரியவே இல்லையே டாக்டர், அடுத்த தடவை ஸ்ட்ராங்கா போடுங்க" என்று கேட்டுக்கொண்டு வருபவர்கள் இவர்கள்தான்.