கோழியைத் திறந்துவிடும் முன் தோட்டத்து மண்ணைப் பாருங்கள்

வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் கூடவே நாலைந்து நாட்டுக்கோழியும் வளர்ப்பது எங்கள் பகுதியில் இப்போது சாதாரணம். கிராமத்தில் இது எப்போதும் உண்டு. புதிதாக வீடு கட்டி, பின்பக்கம் இரண்டு சென்ட் இடம் மிஞ்சியவர்களும் இப்போது சிறுவிடைக் கோழி எங்கே கிடைக்கும் என்று கேட்டு வருகிறார்கள். கால்நடை மருத்துவராக எனக்கு இதில் மகிழ்ச்சிதான். மேய்கிற கோழி கரையானையும் புழுவையும் பச்சையையும் தேடித் தின்கிறது, மண்ணில் புரள்கிறது, கால் ஓய நடக்கிறது. கூண்டுக் கோழிக்கு இந்த வாழ்க்கை இல்லை. ஆனால் என்னிடம் சாகக் கிடக்கிற நிலையில் தூக்கிவரப்படும் கொல்லைக் கோழிகளில் பெரும்பாலானவை, தோட்டத்தில் கிடந்த எதையோ தின்றவை, அல்லது தடுப்பூசியே பார்க்காதவை. இரண்டையும் நாம் தடுக்க முடியும் என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் குருணை மருந்து. வாழைக்கும் கத்தரிக்கும் வேர்ப்பக்கம் போடுகிற பூச்சிமருந்துக் குருணையைக் கோழி ஏன் தின்கிறது என்று பலருக்குப் புரிவதில்லை. கோழிக்குப் பல் கிடையாது. பொடிக் கல்லைப் பொறுக்கி விழுங்கி வைத்துக்கொண்டு, அதை வைத்துத்தான் உள்ளே தீனியை அரைக்கிறது. மண்ணில் கிடக்கும் குருணை அதன் கண்ணுக்குக் கல், அல்லது தானியம். கார்போபியூரான் போன்ற மருந்தில் சில குருணைகளே ஒரு பறவையைக் கொல்லப் போதும். பறவைகள் கூட்டமாகச் செத்ததால்தான் அமெரிக்காவில் 1990களிலேயே கார்போபியூரான் குருணையைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். இந்தியாவில் போரேட் என்ற இன்னொரு குருணை மருந்து 2020 முடிவோடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் பழைய பாக்கெட் எத்தனையோ வீட்டுத் தாழ்வாரத்தில் இன்னும் செருகிக் கிடக்கிறது.

"டாக்டரம்மா, காலையில நல்லாத்தான் இரை எடுத்துச்சு. பத்து மணிக்குப் பாத்தா வாயில எச்சி ஒழுகி இழுத்துக்கிட்டுக் கெடக்குது" என்று ஒரு அக்கா கூடையோடு வந்தார்.

"தோட்டத்துல மருந்து ஏதும் வச்சீங்களாக்கா?"

"நாங்க ஒண்ணும் வைக்கலம்மா. பக்கத்து வாழைக்குத்தான் வச்சாங்க."

வேலி தாண்டிப் போகிற கோழிக்கு எது நம் தோட்டம், எது அடுத்தவர் தோட்டம் என்று தெரியாது. அதனால் பக்கத்துத் தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், மருந்து வைக்கிற அன்றைக்கு முன்கூட்டியே சொல்லும்படி கேளுங்கள். நம் தோட்டத்தில் குருணை போட்டிருந்தால், அந்தப் பயிர் முடியும்வரை அந்தப் பக்கம் கோழியே வேண்டாம் என்பது என் கருத்து. கோழியும் வேண்டும், மருந்தும் வேண்டும் என்றால் சின்னத் தோட்டத்தில் நடக்காது. வேப்பம்புண்ணாக்குக்கு மாறிவிடுங்கள்.

எலி மருந்தும் அப்படித்தான். எலிக்கு வைத்த உருண்டையைக் கோழி தின்பது ஒரு வழி. இன்னொன்று பலரும் கவனிக்காதது. செத்த எலியோ ஓணானோ செடி மறைவில் அழுகிக் கிடக்கும், அதில் புழு நெளியும், கோழி அதை ஆசையாகப் பொறுக்கும். அழுகலில் உண்டாகும் பொட்டுலினம் நச்சு அந்தப் புழுவோடு உள்ளே போகிறது. முதலில் கால் தளரும், இறக்கை தொங்கும், கடைசியில் கழுத்து துவண்டு தரையில் சாயும். தோட்டத்தில் நாற்றம் அடித்தால் அன்றைக்கே தேடி எடுத்து ஆழமாகப் புதையுங்கள்.

அப்புறம் கொல்லை மூலையில் இருக்கிற சாம்பல் குழி. நிறைய வீடுகளில் பிளாஸ்டிக் பை, பழைய செருப்பு, வயர் எல்லாவற்றையும் அங்கேதான் கொளுத்துகிறார்கள். சாம்பல் பொசுபொசுவென்று இருப்பதால் கோழிகள் அதில்தான் போய்க் குளிக்கும், அங்கேயே கொத்தும். பிளாஸ்டிக்கை, அதிலும் பிவிசி வயரையும் குழாயையும் எரித்தால் டையாக்சின் என்ற நச்சு உண்டாகிறது. அது உடம்பில் கொழுப்பில் தங்கும், கோழியில் மஞ்சள் கருவுக்கு வந்து சேரும். மண்ணில் டையாக்சின் கலந்திருக்கிறதா என்று பார்க்க, அங்கே மேய்கிற கோழியின் முட்டையைச் சோதிப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அந்த அளவுக்கு மண்ணில் இருப்பது முட்டையில் தெரியும். பழைய பேட்டரி உடைத்த இடம், சுரண்டிய பழைய பெயின்ட் கொட்டிய இடம் என்றால் ஈயம். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் வீட்டுக் கோழிகளை ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டார்கள். கடை முட்டையைவிட வீட்டு முட்டையில் ஈயம் சராசரியாக 40 மடங்கு இருந்தது. பிள்ளைக்கு நல்ல முட்டை கொடுக்க வேண்டும் என்றுதானே கோழி வளர்க்கிறோம்? குப்பை எரிப்பதை நிறுத்துங்கள். கோழி குளிக்க வேறு மூலையில் மணலோடு விறகுச் சாம்பல் கலந்து நிழலில் போட்டுவையுங்கள், அதுவே பேனையும் குறைக்கும்.

முட்டையைச் சொல்லிவிட்டுக் கீரையைச் சொல்லாமல் விட முடியாது. கோழி எச்சம் நல்ல உரம் என்று பாத்திக்குள்ளேயே மேயவிடுகிறார்கள். பச்சை எச்சத்தில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். மண்ணைத் தொடும் விளைச்சலுக்கு, மக்காத எருவைப் போட்டபின் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண்மை விதி. நம் சிறுகீரை 25, 30 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். கணக்கே ஒத்துவரவில்லை. ஆகவே கீரைப் பாத்தி, கொத்தமல்லி, நாற்று விட்ட இடம் ஆகியவற்றைச் சுற்றி ஆளிடுப்பு உயரத்துக்கு வலை கட்டுங்கள். எச்சத்தைக் கூட்டி எடுத்து, இலைதழையோடு சேர்த்து நன்றாக மக்கவைத்துப் போடுங்கள். வாழை, தென்னை, முருங்கை, வளர்ந்த கறிவேப்பிலை அடியில் கோழி கிளறட்டும், அங்கே நல்லதுதான். குஞ்சைத் தொட்டு விளையாடும் பிள்ளைகள் கண்டிப்பாகச் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முத்தம் கொடுப்பது வேண்டவே வேண்டாம்.

நூலும் முடியும் ஒரு சின்ன விஷயம்போலத் தெரியும். தலை வாரி எறிந்த முடி, தையல் நூல், சாக்குப் பிரி ஆகியவை காலில் சுற்றி இறுகி, விரல் கறுத்துப்போய் வரும் கோழிகளைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். விழுங்கினால் கழுத்தடி இரைப்பை கட்டிக்கொள்ளும். காலையில், இரை எடுக்கும் முன் அந்தப் பையைத் தொட்டுப் பாருங்கள். காலியாக இருக்க வேண்டும். கெட்டியாக உருண்டு நின்றால் உடனே கொண்டுவாருங்கள்.

சரி, தோட்டம் சுத்தம். இனி வெள்ளைக்கழிச்சல். இதை ராணிக்கெட் என்றும் கோழிக்கழிச்சல் என்றும் சொல்கிறோம். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு இழுக்கும், தப்பிப் பிழைத்ததுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். வைரஸ் நோய் என்பதால் வந்தபின் மருந்து இல்லை. தெருவில் ஒரு வீட்டில் வந்தால், திறந்து மேய்கிற கோழிகள் அத்தனைக்கும் வந்துவிடும். அதைப் பரப்புவதில் நம் பங்கும் இருக்கிறது. சீக்கு கண்ட கோழியை "வீணாப் போகக் கூடாது" என்று அறுத்துவிட்டு, இறகையும் குடலையும் கொல்லையில் எறிகிறோம். மற்ற கோழிகள் அதைக் கொத்துகின்றன. சந்தையில் வாங்கிய கோழியை அன்றைக்கே மந்தையில் சேர்க்கிறோம். புதுக் கோழி எதுவானாலும் இரண்டு வாரம் தனியாக வையுங்கள். திடீரென்று செத்ததை, சாகப்போவதை அறுத்துத் தின்னவே வேண்டாம். அது நோயா, குருணை மருந்தா என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது.

தடுப்பூசி முறை ஒன்றும் சிக்கலில்லை. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரம் குடிநீரில் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டு வாரத்தில் இறக்கைத் தோலுக்கடியில் ஆர்.டி.வி.கே. என்ற வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி. ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிடுங்கள். எறும்பும் வண்டும் நத்தையும் தின்கிற கோழிக்கு நாடாப்புழு வராமல் இருக்காது. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும், பெரும்பாலும் பிப்ரவரியில், கால்நடைத் துறை இலவச முகாம் நடத்துகிறது. அங்கே நான் பார்ப்பது என்னவென்றால், ஊசியோடு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கோழிகளைத் திறந்துவிட்டிருப்பார்கள். பிறகு வேலிக்கும் கூரைக்கும் பறக்கிற கோழியை யார் பிடிப்பது? முகாம் அன்றைக்குப் பஞ்சாரத்தைத் தூக்காமல் வையுங்கள். கலக்கிய மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், ஐஸில்தான் வைத்திருக்க வேண்டும். இதற்கு மேல் எங்களால் காத்திருக்க முடியாது.

கீரி, காட்டுப்பூனை, பருந்துக்கு உங்களுக்கே வழி தெரியும். குஞ்சோடு இருக்கிற தாய்க்கோழியை முதல் சில வாரம் கண்பார்வையில் மேய்த்து, இருட்டும் முன் கவிழ்த்துவிடுங்கள். நிழலில் இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர் வையுங்கள், கோடையில் தினமும் மாற்றுங்கள். மிச்சச் சோறு போடலாம். ஊறுகாய், கருவாட்டுத் தண்ணீர், உப்புத் தூக்கலான குழம்பு கூடாது, அதிக உப்பு கோழிக்கு நஞ்சு. பூஞ்சை பிடித்த கடலைப்புண்ணாக்கும் சோளமும் கூடவே கூடாது.

ஒரே நாளில் இரண்டு மூன்று கோழி செத்தால், அதுவும் பக்கத்தில் காகமோ வாத்தோ சாவதாகத் தெரிந்தால், தாமதிக்காமல் கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ சொல்லுங்கள். கேரளத்தின் ஆலப்புழையில் 2024-ல் வாத்துகளில் பறவைக்காய்ச்சல் வந்தது நினைவிருக்கும். செத்த கோழியை வெறுங்கையால் தொடாதீர்கள். கையில் பாலித்தீன் பையை மாட்டி எடுத்து, இன்னொரு பையில் கட்டி, நாங்கள் வரும்வரை பிள்ளைகளும் நாயும் எட்டாத நிழலில் வையுங்கள். உயிரோடு இருப்பவற்றை அடைத்துவிடுங்கள், தெருவுக்கு விடாதீர்கள், விற்கவும் வேண்டாம்.