ஜிதான்: சீன நாற்காலியில இருக்குறது நம்ம பக்கத்து மரம்

பழைய சீன ஃபர்னிச்சர் ஏலம் பத்தி படிச்சா 'ஜிதான்'ங்கற மரத்தோட பேரு வந்துரும், கூடவே தலை சுத்துற மாதிரி ஒரு விலையும். தமிழ்ல இத ஊதா சந்தனம், ரோஸ்வுட்னு ஆளாளுக்கு ஒண்ணு எழுதுறாங்க, ரெண்டுமே தப்பு.

சீனத்துல 'ஜி'ன்னா ஊதா. 'தான்'ங்கறது முதல்ல ஏதோ கெட்டியான மரத்தோட பேரு, அப்புறம் பௌத்த நூல்கள சீனத்துக்கு கொண்டுபோனவங்க 'சந்தன'ங்கற வார்த்தைய 'ஜான்தான்'னு ஒலிபெயர்க்க இதே எழுத்த எடுத்துக்கிட்டாங்க, அதுலேர்ந்து சந்தனம்ங்கற அர்த்தமும் ஒட்டிக்கிச்சு. ஆனா இது சந்தனமே இல்லங்க, வேங்கைக்கு பங்காளி, வாசனையும் பெருசா கிடையாது. டெரோகார்பஸ் சான்டலினஸ், அதாவது செம்மரம். காட்டுல தானா வளர்றது கடப்பா, சித்தூர், சேஷாசலம்னு கிழக்குத் தொடர்ச்சி மலையோட ஒரு சின்ன பகுதியிலதான். 2015 ஏப்ரல்ல ஆந்திர போலீஸ் சுட்டு 20 பேர் செத்தப்போ பேப்பர்ல அடிபட்டுச்சே, அதே மரம்.

சீனாக்காரங்களுக்கு ஏன் இவ்ளோ கிறுக்குன்னா, இழை அவ்ளோ நெருக்கம், தண்ணியில போட்டா முங்கிரும், நகத்தளவு பூவ செதுக்குனாலும் ஓரம் உதிராது. வெட்டுனப்ப ஆரஞ்சு சிவப்பா இருக்கும், காத்து பட பட கறுத்து ஊதா கலந்த கறுப்பாயிரும், 'ஜி' எங்கேர்ந்து வந்துச்சுன்னு அப்ப புரியும். 'பத்து ஜிதான்ல ஒம்பது பொந்து'ன்னு அங்க ஒரு சொலவடை உண்டு, உள்ள கோறையா போயிருக்கும், அதனால அகலமான ஒத்தப் பலகை கிடைக்கிறதே அபூர்வம். சியான்லுங் பேரரசர் காலத்துல (1735–1796) அரண்மனைப் பட்டறையில இத வச்சுத்தான் சிம்மாசனம், அலமாரியெல்லாம் இழைச்சாங்க. ஆணி கிடையாது, ஒரு கட்டைய நாக்கு மாதிரி சீவி இன்னொண்ணுல குடைஞ்ச குழியில சொருகுறதுதான். நடுப்பலகைய பசை போட்டு ஒட்டாம சட்டத்தோட காடியில சும்மா உக்கார வைப்பாங்க, ஈரக்காத்துல பலகை விரிஞ்சா வெடிக்காம இருக்கணுமே. மேல வார்னிஷ் பூசி மறைக்க மாட்டாங்க, நல்லா தேய்ச்சு மெழுகு மட்டும்தான்.

சரி, தமிழ்ல என்ன எழுதலாம்? செம்மரம்னே எழுதுங்க, நாட்டுமருந்து கடையில செஞ்சந்தனம்னு கேட்டாலும் இதத்தான் தருவாங்க. ரோஸ்வுட்னா ஈட்டி மரம், அது வேற இனம். சீன ஃபர்னிச்சர்ல வர்ற இன்னொரு மரமான, ஹைனான் தீவோட மஞ்சள் மரம் ஹுவாங்ஹுவாலிதான் ஈட்டிக்கு சொந்தக்கார மரம்.

ஒரே ஒரு வில்லங்கம், 'ஹோங்மு'ன்னு இன்னொரு வார்த்தை இருக்கு. எழுத்துக்கு எழுத்து பாத்தா அதுக்குத்தான் 'செம்மரம்'னு அர்த்தம் வரும், ஆனா அது ஒரு மரமில்ல, 2017 சீனத் தரப்பட்டியல்படி 29 இனத்துக்கு சேத்து வச்ச பொதுப்பேரு. அத கடினமரம்னு எழுதிட்டு, எந்த இனம்னு தெரிஞ்சா பக்கத்துல போட்டுருங்க.